யாரும் தேர்வு செய்யாத விழாவில் முடிவெடுப்பவர் யார்? எடின்பரோ ஃபிரிஞ்ச் நிர்வாகம் குறித்து ஒரு விவாதம்

சாளரம்:

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடைபெறும் ஃபிரிஞ்ச் கலைவிழாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அங்கே நாடகம் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்ற பெருமைதான் முதலில் வந்து நிற்கும். நானும் பல ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த விழாவுக்குக் கலை இயக்குநர் கிடையாது. தேர்வுக் குழுவும் கிடையாது. ஃபிரிஞ்ச் சங்கம் என்ற அறக்கட்டளை அமைப்பு நிகழ்ச்சிக் கையேட்டை அச்சிடுகிறது, மைய நுழைவுச்சீட்டு விற்பனையை நடத்துகிறது, வரும் கலைஞர்களுக்கு வழிகாட்டுகிறது, ஹை ஸ்ட்ரீட்டில் தெருக்கலைஞர்கள் ஆடுவதற்கு முறை வகுக்கிறது. அரங்கத்தை நீங்களே பேசி முடித்துக்கொண்டு, பதிவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டால் கையேட்டில் உங்களுக்கு இடம் உண்டு. 2019ஆம் ஆண்டில் 323 இடங்களில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன.

ஆனால் "அரங்கத்தை நீங்களே பேசி முடித்துக்கொண்டு" என்ற அந்தச் சின்னத் தொடருக்குள்தான் முழு அதிகாரமும் ஒளிந்திருக்கிறது. சங்கம் தேர்வு செய்வதில்லை, அவ்வளவுதான். அரங்க நிர்வாகங்கள் தேர்வு செய்கின்றன, வாடகை தேர்வு செய்கிறது, ஆகஸ்டு மாதத்தில் அந்த நகரத்தில் ஓர் அறைக்குக் கேட்கும் விலை தேர்வு செய்கிறது. எனவே சங்கம் இனியும் ஒதுங்கி நிற்கக் கூடாது. ஊழியர்களுக்கு நியாயமான கூலி கொடுக்காத, கலைஞர்களுடன் போடும் ஒப்பந்த விதிகளை மறைத்து வைக்கிற அரங்கங்களைக் கையேட்டில் சேர்க்க முடியாது என்று அது சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

பழைய மேடை:

சாளரம் அவர்களுக்கு வணக்கம். நோய் இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நீங்கள் எழுதித் தரும் மருந்துதான் நோயாளியைக் கொன்றுவிடும்.

இந்தச் சங்கம் எப்படி உருவானது என்பதை மறந்துவிட்டு அதற்கு அதிகாரம் கொடுப்பதைப் பற்றிப் பேச முடியாது. 1947இல் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவுக்கு ஆறுதலாக எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பில்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. மறு ஆண்டில் நாடகாசிரியரும் பத்திரிகையாளருமான ராபர்ட் கெம்ப், அதிகாரபூர்வ விழாவின் விளிம்பைச் சுற்றித் தனி நாடகங்கள் நடப்பதைக் குறித்து எழுதப்போய், அந்த "விளிம்பு" (ஃபிரிஞ்ச்) என்ற சொல்லே விழாவின் பெயராக நிலைத்தது. சங்கம் உருவானது 1958இல். அதாவது முதலில் கலைஞர்கள் வந்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து, கையேடு அச்சிடும் செலவையும் சீட்டு விற்கும் வேலையையும் பகிர்ந்துகொள்வதற்காக அவர்களே ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிகளை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் வேலையில் சங்கம் இறங்காது என்பதை அவர்கள் அதன் அமைப்பு விதியிலேயே எழுதி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான விதி என்பதையும் கவனியுங்கள். பிரிட்டனில் 1968 வரை, பொதுமேடையில் ஏறும் புதிய நாடகம் எதுவானாலும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் தணிக்கைக்குப் போய் வர வேண்டும். அரசு கத்தரிக்கோலோடு நின்ற பத்தாண்டுகளில், தன் கையில் கத்தரிக்கோல் இருக்கவே கூடாது என்று ஒரு சங்கம் முடிவு செய்தது. கூலி என்ற நல்ல காரணத்துக்காக இன்று நீங்கள் அதன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால், நாளை இன்னொருவர் இன்னொரு நல்ல காரணத்தோடு வருவார்.

கணக்குப்பிள்ளை:

இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கணக்கு பேசுகிறேன்.

ஃபிரிஞ்ச் அரங்கங்களில் பரவலாக உள்ள ஒப்பந்தம் வசூல் பங்கீடு: கலைஞருக்கு நூற்றுக்கு அறுபது, அரங்கத்துக்கு நாற்பது. அதோடு பெரும்பாலும் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் சேர்ந்து வரும். நாற்பது விழுக்காடு அந்தத் தொகைக்குக் கீழே போனால், உத்தரவாதத் தொகையை அரங்கம் எடுத்துக்கொள்ளும். கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். ஐம்பது இருக்கைகள், இருபத்தைந்து நாள்கள், சீட்டு பத்துப் பவுண்டு என்றால், எல்லா நாளும் அரங்கம் நிரம்பினால் வசூல் 12,500 பவுண்டு. பாதி இருக்கைகள் நிறைந்தால் 6,250. அதில் நாற்பது விழுக்காடு 2,500. ஆனால் ஒப்பந்தத்தில் உத்தரவாதம் 3,000 என்று இருந்தால், அரங்கம் 3,000 எடுத்துக்கொள்ளும். கலைஞர் கையில் 3,250. வரியை நான் இன்னும் தொடவே இல்லை. இதிலிருந்து பதிவுக் கட்டணம், விளம்பரத் துண்டறிக்கைகள், ஒளியமைப்பாளர் ஊதியம், ஒரு மாத அறை வாடகை எல்லாம் போக வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு என்றால் வாடகை ஒன்றே இந்தத் தொகையை விழுங்கிவிடும்.

ஆகவே, அரங்கம் பாதி நிறைந்தால் கலைஞருக்கு நட்டம், அரங்க நிர்வாகத்துக்குப் பாதுகாப்பு. நட்டத்தைத் தாங்கக்கூடியவர்தான் அங்கே ஆட முடியும் என்பதால், அதுவும் ஒரு தேர்வுதான் என்ற சாளரத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு. ஆனால் சங்கத்துக்குச் செல்லும் பதிவுக் கட்டணம் இந்தச் செலவில் ஒரு சிறு துண்டு. முழு அளவுப் பதிவுக்குச் சில நூறு பவுண்டுகள்தான். அறைக்காரரையும் ஒப்பந்தக்காரரையும் விட்டுவிட்டு, கையேடு அச்சிடுபவரோடு மல்லுக்கு நிற்பதால் செலவு குறையாது.

குறிஞ்சிமகள்:

நான் அங்கே நான்கு பேர் கொண்ட சிறு குழுவுடன் ஒருமுறை நாடகம் போட்டவள். எங்கள் இடம் ஒரு மதுக்கூடத்தின் நிலவறை. அதன் பெயர் இங்கே தேவையில்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் போட்டது கற்பனைக் கணக்கு என்றாலும், படித்தபோது எங்கள் குழுவின் செலவுப் புத்தகத்தை யாரோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்றே தோன்றியது.

எங்களை அதிகமாக வருத்தியது நட்டமல்ல. நட்டத்துக்கு நாங்கள் தயாராகத்தான் போனோம். விழா முடிந்து வசூல் கணக்கு எப்போது வரும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. ஆகஸ்டில் முடிந்த ஆட்டத்துக்கான பணம் டிசம்பரில் வந்தது. அதிலும் நாங்கள் கேள்விப்படாத இரண்டு பிடித்தங்கள் இருந்தன. சங்கத்தின் கலைஞர் சேவைப் பிரிவினரிடம் கேட்டபோது அவர்கள் பரிவோடு பேசினார்கள், ஒப்பந்தத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று விளக்கினார்கள், அரங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தைக்கூடத் திருத்திக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பே அல்ல.

பழைய மேடை ஐயா சொல்லும் கத்தரிக்கோல் உவமையை நான் மதிக்கிறேன். ஆனால் எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு விளக்கு மட்டுமே.

பழைய மேடை:

அம்மா, உங்கள் அனுபவத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதற்கு விழாவுக்குள்ளிருந்தே ஒரு பதில் வந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவைக் கலைஞர், அரங்கத்துக்குப் பணம் கட்டியே ஆட வேண்டும் என்ற ஏற்பாடு பொறுக்காமல், இலவச நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த இலவச ஃபிரிஞ்சில் கலைஞர் அறைக்கு வாடகை தருவதில்லை. பார்வையாளர் சீட்டு வாங்குவதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் ஒரு வாளி நீட்டப்படும், விரும்பியதைப் போடலாம். மதுக்கூடக்காரருக்கு அன்றைய மது விற்பனை லாபம். இந்த ஏற்பாட்டுக்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் ஒன்று இருந்திருந்தால், அப்போது நன்றாகக் காலூன்றியிருந்த பெரிய அரங்கங்களே அங்கே உட்கார்ந்து "இது தொழிலைக் கெடுக்கும்" என்று சொல்லியிருக்கும். சங்கத்திடம் அதிகாரம் இல்லாததால்தான் மாற்று முளைத்தது.

இன்னொன்று. சங்கத்தில் பதியாமலே ஒரு மதுக்கூடத்தின் பின்னறையில் நீங்கள் ஆடலாம். தடுக்க அதற்கு எந்த உரிமையும் இல்லை. பொழுதுபோக்கு உரிமத்தையும் தீப்பாதுகாப்பையும் பார்ப்பது நகராட்சி. கூலியைப் பார்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது. இந்த மூன்று வேலைகளையும் சங்கத்தின் தலையில் கட்டினால் அது கையேட்டைக்கூட நேரத்துக்கு அச்சிடாது.

சாளரம்:

ஐயா, 1996ஐச் சொன்னீர்கள். நான் 2008ஐச் சொல்கிறேன். அசெம்பிளி, கில்டட் பலூன், பிளெசன்ஸ், அண்டர்பெல்லி என்ற நான்கு பெரிய அரங்க நிறுவனங்களும் சேர்ந்து, தங்கள் நகைச்சுவை நிகழ்ச்சிகளை "எடின்பரோ நகைச்சுவை விழா" என்ற தனிப் பெயரில் அந்த ஆண்டு விளம்பரம் செய்தன. விழாவுக்குள் விழா. வேறு அரங்கங்களில் ஆடிய நகைச்சுவைக் கலைஞர்கள் அந்தப் பெயருக்கு வெளியே நின்றார்கள். சங்கம் என்ன செய்ய முடிந்தது? உங்கள் அமைப்பு விதி அதன் கையை மட்டும்தான் கட்டுகிறது, அந்த நான்கு நிறுவனங்களின் கையை அல்ல. மரத்தடியில் யாரும் நாற்காலி போடக் கூடாது என்று மரத்தை நட்டவருக்கு மட்டும் விதி எழுதினால், வலுத்தவர்கள் வந்து அமர்ந்துகொள்வார்கள்.

அந்த அரங்கங்களில் பலவும் எங்கே இருக்கின்றன? ஆகஸ்டில் காலியாக இருக்கும் எடின்பரோ பல்கலைக்கழகக் கட்டடங்களிலும், ஜார்ஜ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள இடங்களிலும். எந்தக் கட்டடத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்ற பல்கலைக்கழகத்தின் முடிவு, எந்த நாடகம் மேடையேறும் என்பதை எந்தத் தேர்வுக் குழுவையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது. அந்த முடிவில் கலைஞர்களுக்கு வாக்கு இல்லை.

தணிக்கை என்று அஞ்சுகிறீர்களே, அது ஏற்கெனவே அரங்கங்களிடம் இருக்கிறது. 2022இல் ஜெர்ரி சடோவிட்ஸ் என்ற நகைச்சுவைக் கலைஞரின் நிகழ்ச்சி முதல் நாள் நடந்தபின், இரண்டாம் நாள் நிகழ்ச்சியைப் பிளெசன்ஸ் நிர்வாகம் ரத்து செய்தது. அவருடைய நகைச்சுவை எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. திறந்த விழாவில் ஒருவர் மேடையிலிருந்து இறக்கப்பட்டார், அதைச் செய்தது சங்கம் அல்ல என்பதால் விழா திறந்ததாகவே இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

பழைய மேடை:

ஒரு கதவு மூடியதை மட்டும் சொன்னீர்கள். 2023இல் தி ஸ்டாண்ட் என்ற நகைச்சுவை அரங்கம், அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோவானா செர்ரியுடனான உரையாடல் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு, அது சட்டவிரோதமான பாகுபாடு என்ற நிலை தெளிவானதும் தன் முடிவைத் திரும்பப் பெற்று நிகழ்ச்சியை நடத்தியது. சங்கம் நடுவராக உட்காராமலே, சட்டம் அந்த வேலையைச் செய்தது.

கணக்குப்பிள்ளை:

செர்ரிக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம், ஐயா. நிலவறையில் நாடகம் போட்டவர்களுக்கு அந்த வசதி இருக்காது.

இருந்தாலும், சங்கத்துக்குப் புதிய அதிகாரம் கொடுப்பதற்கு முன் அதன் பழைய வேலைகளை அது எப்படிச் செய்தது என்று பார்க்க வேண்டும். 2008 ஜூனில் புதிய கணினி முறையில் சீட்டு விற்பனையைத் தொடங்கினார்கள். தொடங்கிய உடனேயே அது முடங்கியது. வாங்கிய சீட்டு கையில் வந்து சேரவில்லை, அரங்கங்களின் கணினிகளோடு மைய விற்பனை ஒத்துப்போகவில்லை, சங்கத்தின் இயக்குநர் ஜான் மோர்கன் பதவி விலகினார். அதன்பின் வந்த விசாரணைகளையும் விமர்சனங்களையும் தொடர்ந்துதான் இயக்குநர் குழு எப்படி அமைய வேண்டும் என்பது மறுபரிசீலனைக்கு வந்தது. 2022இல் கைப்பேசிச் செயலி இல்லாமலே விழாவை நடத்தப்போய், 1,500க்கும் மேற்பட்ட கலைஞர்களும் துறையினரும் கையெழுத்திட்டுத் திறந்த மடல் எழுதினார்கள்; மறு ஆண்டு செயலி திரும்ப வந்தது. இந்த இரண்டிலும் சங்கத்தைக் கேள்வி கேட்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு ஒதுக்கப்பட்ட வேலைகள் குறைவாகவும் தெளிவாகவும் இருந்ததுதான். அரங்கங்களைக் கண்காணிக்கும் வேலையையும் சேர்த்தால், எந்தத் தவறு யாருடையது என்பதே கலங்கிப்போகும்.

வேறு வழிகளும் உலகில் இருக்கின்றன. கனடாவின் எட்மன்டன் ஃபிரிஞ்ச் 1982இல் தொடங்கியது. அங்கே பல அரங்கங்களை விழாவே ஏற்பாடு செய்கிறது. அவற்றில் யார் ஆடுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. கனடிய ஃபிரிஞ்ச் விழாக்களின் பொது நெறிப்படி, சீட்டின் அடிப்படை விலை முழுவதும் கலைஞருக்கே போகிறது. கலைஞர் முன்கூட்டியே ஒரு கட்டணம் செலுத்துகிறார், அதோடு சரி. உத்தரவாதத் தொகை என்ற பேச்சே இல்லை. அங்கேயும் யாரும் நாடகத்தைப் படித்துப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை.

பழைய மேடை:

குலுக்கல் நேர்மையானது, ஆனால் அதில் தோற்றவருக்கு அந்த அரங்கங்களில் இடமில்லை. எடின்பரோவில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன என்றால், அங்கே குலுக்கல் வைத்திருந்தால் எத்தனை நடந்திருக்கும்? விழா ஏற்பாடு செய்யக்கூடிய அரங்கங்களின் எண்ணிக்கைதான் எல்லையாக இருந்திருக்கும். பழைய தேவாலயக் கூடம், வகுப்பறை, கொட்டகை என்று யார் யாரோ கண்டுபிடித்த இடங்கள் எல்லாம் கணக்கில் வந்தே இருக்காது. கனடியர்கள் நட்டத்தின் அபாயத்தைக் கலைஞரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், அதற்கு விலையாகக் கதவின் அகலத்தைக் குறைத்தார்கள். அது தவறு என்று நான் சொல்லவில்லை. வேறு விழா என்றுதான் சொல்கிறேன்.

சாளரம்:

ஐயா, சங்கம் எதையும் தேர்வு செய்வதில்லை என்ற வாதத்தின் அடித்தளமே ஆடிப்போய்விட்டது என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. 2024இல் பிரிட்டன் அரசின் பணத்தைக் கொண்டு, ஆளுக்கு 2,500 பவுண்டு வீதம் 180 நிகழ்ச்சிகளுக்குச் சங்கம் உதவித்தொகை வழங்கியது. விண்ணப்பித்தவர்களிலிருந்து 180ஐத் தேர்ந்தெடுத்தார்களா இல்லையா? அதற்கு முந்தைய ஆண்டு பட்ஜெட்டில், சங்கத்துக்கென ஒரு நிலையான இடம் அமைக்க எழுபது லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. பணம் பெறவும் பங்கிடவும் சங்கத்துக்குக் கை உண்டு, அரங்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க மட்டும் கை இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

குறிஞ்சிமகள்:

இந்த இடத்தில் நான் சாளரத்தோடு பாதி வழிதான் வருகிறேன். உதவித்தொகை கிடைக்காதவர் அடுத்த நாளே அதே கையேட்டில் பதிந்து ஆடலாம். கையேட்டில் இடம் கிடைக்காதவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார். இரண்டும் ஒன்றல்ல. எங்களுக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்தைப் புரட்டி, நாற்பது சொல் விளக்கத்தைப் படித்து வந்தவர்கள்தான். ஓர் அரங்கத்தின் தவறுக்காக அந்த அரங்கத்தைக் கையேட்டிலிருந்து நீக்கினால், தண்டனை முதலில் விழுவது அங்கே ஒப்பந்தம் போட்டுவிட்ட எங்களைப் போன்றவர்கள் மீதுதான்.

ஆனால் கையேட்டுக்கு நிபந்தனையே கிடையாது என்று பழைய மேடை ஐயா சொல்வதும் சரியல்ல. கடைசித் தேதி உண்டு, சொல் வரம்பு உண்டு. 2012இல் சில நிகழ்ச்சித் தலைப்புகளில் இருந்த வசைச்சொற்களின் எழுத்தைக் கையேட்டில் மறைத்து அச்சிட்டதற்குக் கலைஞர்கள் சண்டை போட்டார்களே, அதுவும் நினைவிருக்கும். ஆகவே நிபந்தனை இருக்கலாமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தைத் தொடாத நிபந்தனை எது என்பதுதான் பாக்கி.

என் யோசனை இதுதான். அரங்கம் சங்கத்தில் பதியும்போது நான்கு விவரங்களை எழுதித் தர வேண்டும்: வசூல் பங்கீடு என்ன, உத்தரவாதத் தொகை உண்டா, என்னென்ன பிடித்தங்கள், விழா முடிந்து எத்தனை நாளில் கணக்கு தீர்க்கப்படும். சங்கம் இவற்றைக் கலைஞர்கள் இடம் தேடும் பட்டியலில் அப்படியே வெளியிட வேண்டும். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எழுதித் தராத அரங்கத்தை நீக்கவும் வேண்டாம். அதன் பெயருக்கு எதிரே "விவரம் தரப்படவில்லை" என்று இருந்தால் போதும்.

பழைய மேடை:

இதை என்னால் மறுக்க முடியவில்லை; முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாடகத்தைத் தொடவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை, 1958இன் விதியோடும் முரண்படவில்லை. எனக்கு இரண்டே ஐயங்கள். அரங்கம் தந்த விவரம் பொய்யானால் சரிபார்ப்பது யார்? அடுத்து, சங்கத்தின் உறுப்பினர்களில் அரங்கங்களை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இயக்குநர் குழுவுக்கு வாக்களிப்பதும் அதே உறுப்பினர்கள்தான். பொதுக்குழுவில் இதை எப்படி நிறைவேற்றுவீர்கள்?

குறிஞ்சிமகள்:

முதல் ஐயத்துக்குப் பதில் எளிது, ஐயா. அந்த அரங்கத்தில் ஆடியவர்களிடம் ஜனவரியில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: பணம் வந்ததா, சொன்ன நாளில் வந்ததா? நாங்கள் நான்கு பேருமே பதில் எழுதியிருப்போம்.

கணக்குப்பிள்ளை:

இரண்டாவது ஐயத்துக்கு என் பதில்: உறுப்பினராவதற்குச் சிறிய ஆண்டுக் கட்டணம்தான், கலைஞர்களும் ஆகலாம். ஆகஸ்டு முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊரிலேயே இருப்பவர்கள் அரங்கக்காரர்கள். வாக்கு எண்ணிக்கை அப்படித்தான் வரும்.

சாளரம்:

அப்படியானால் என் பழைய கோரிக்கையில் கூலி பற்றிய பகுதியை நகராட்சியிடம் விட்டுவிடுகிறேன்; நேர்மையான விழாவுக்கான சாசனம் என்று அவர்களும் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்த விவரங்களை வெளியிடும் பகுதியைக் குறிஞ்சிமகள் சொன்ன வடிவிலேயே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "விவரம் தரப்படவில்லை" என்ற குறிப்பைப் பட்டியலில் மட்டுமல்லாமல், பார்வையாளர் வாங்கும் கையேட்டிலும் அச்சிட வேண்டும் என்று கேட்பேன். அதற்கு ஐயா சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

பழைய மேடை:

மாட்டேன். கையேடு நாடகங்களைப் பற்றியது.